கம்பி பாதி, மண் பாதி: சிற்றலை வானொலியும் சுற்றுப்புற நிலமும்

கடல் கடந்த உறவு ஒன்றேனும் இல்லாத முஸ்லிம் குடும்பத்தைத் தமிழகத்தின் கரையோர ஊர்களில் காண்பது அரிது. கொழும்பில் ஒரு கடை, பினாங்கில் ஒரு தலைமுறை, வளைகுடா நாட்டில் ஒரு மகன் என மூன்று திசைகளிலும் கிளை பரப்பி வாழும் சமுதாயம் இது. அன்று பாய்மரக் கப்பல் சுமந்து வந்த செய்தியை இன்று கைபேசி நொடிப்பொழுதில் கொண்டுவந்து சேர்க்கிறது. எல்லாப் புகழும் இறைவனுக்கே!

ஆயினும் அந்த நூல் எத்துணை மெல்லியது என்பதைத் தென் மாவட்ட மக்கள் அண்மையில் கண்கூடாகக் கண்டனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் சாலைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, பல இடங்களில் கைபேசிகள் வாயடைத்துப் போயின. பக்கத்து ஊரில் இருக்கும் தாயும் தந்தையும் எவ்வாறு இருக்கின்றனர் என்பதை அறிய முடியாமல் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் தவித்த தவிப்பைச் சொல்லி மாளாது.

இத்தகைய வேளைகளில் உலகெங்கும் கைகொடுத்து வந்துள்ள கலை ஒன்று உண்டு. அதுவே அமெச்சூர் வானொலி. ‘ஹாம் வானொலி’ என்பது அதன் செல்லப் பெயர். அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற ஒருவர், தம் வீட்டிலேயே சிறு ஒலிபரப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, இடையில் எந்தக் கோபுரத்தின் துணையுமின்றி, ஒரு கார் மின்கலத்தின் ஆற்றலைக் கொண்டே கண்டம் விட்டுக் கண்டம் பேசும் வித்தை அது.

இக்கலையில் இறங்குவோரைத் திகைக்க வைக்கும் உண்மை ஒன்று உண்டு. ஒரே கருவி, ஒரே நீளக் கம்பி, ஒரே உயரம். ஓர் ஊரில் அது துபாயை எட்டும். இன்னோர் ஊரில் எட்டாது. அதே ஊரிலேயே கொழும்புக்கு முழங்கும் கம்பி, பினாங்குக்கு முணுமுணுக்கும். குற்றம் கருவியிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. சுற்றியுள்ள நிலம் அந்தக் கம்பிக்கு என்ன செய்கிறது என்பதில்தான் விடை அடங்கியுள்ளது.

வானம் என்னும் கூரை

சிற்றலை என்பது 3 மெகாஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களைக் குறிக்கும். இலங்கை வானொலியை ஒரு காலத்தில் இரவெல்லாம் கேட்டு மகிழ்ந்த நம் மூத்த தலைமுறையினர் ‘எஸ்.டபிள்யூ.’ என்று எழுதிய பட்டையை நன்கறிவர். இவ்வலைகள் நிலத்தை ஒட்டி நெடுந்தூரம் செல்வதில்லை. மேல்நோக்கிச் சென்று, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்று விளங்கும் அயனி மண்டலத்தில் வளைந்து, மீண்டும் பூமிக்கு இறங்குகின்றன. பந்தைக் கூரையில் எறிந்தால் எறிந்த சாய்வுக்கு ஏற்ப அது எங்கோ ஓரிடத்தில் விழுவது போன்றதே இது.

எனவே, எத்தனை தொலைவுக்குப் பேச வேண்டும் என்பதைப் பொறுத்து, அலை எந்தச் சாய்வில் புறப்பட வேண்டும் என்பதும் அமைந்துவிடுகிறது. காயல்பட்டினத்தை நடுவில் வைத்து, நம் மூன்று உறவுத் திசைகளையே கணக்கிட்டுப் பார்ப்போம்.

கொழும்பு, வான்வழியே ஏறத்தாழ 265 கிலோமீட்டர். அங்கே ஒரே தாவலில் இறங்க, அலை தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 65 பாகை உயர்ந்து, அதாவது பெரும்பாலும் தலைக்கு மேலேயே செல்ல வேண்டும்.

பினாங்கு, ஏறத்தாழ 2,450 கிலோமீட்டர். ஒரே தாவலில் எட்ட 8 பாகைச் சாய்வு போதும்.

துபாய், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஒரே தாவலில் எட்ட வேண்டுமாயின் 4 முதல் 6 பாகை அளவே உயர்ந்து, நிலத்தைத் தடவினாற்போல் அலை புறப்பட வேண்டும். இரண்டு தாவல்களில் எட்டுவதாயின் 18 பாகை வேண்டும்.

அயனி மண்டலத்தின் உயரம் பகலுக்கும் இரவுக்கும், பருவத்துக்குப் பருவமும் மாறுவதால் இவ்வெண்கள் சற்றே கூடும், குறையும். ஆயினும் அடிப்படை மாறாது. அண்மைக்கு உயர்ந்த சாய்வு. சேய்மைக்குத் தாழ்ந்த சாய்வு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

நிலம் என்னும் கண்ணாடி

கம்பியிலிருந்து புறப்படும் அலை நேராக வானுக்கு மட்டும் செல்வதில்லை. ஒரு பங்கு கீழ்நோக்கிச் சென்று, முன்னால் உள்ள நிலத்தில் பட்டுத் தெறித்து, அதன் பின்னரே மேலே எழுகிறது. நேரே சென்ற அலையும் தெறித்துச் சென்ற அலையும் வானில் ஒன்று கலக்கின்றன. இரண்டும் கைகோத்துச் செல்லும் சாய்வில் வலிமை பெருகும். ஒன்றையொன்று எதிர்க்கும் சாய்வில் இரண்டும் அழிந்துபோகும்.

தெறிப்பின் இலக்கணத்தை ஆராய்ந்து தெளிந்த பெருமக்களுள் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம் அவர்கள் முன்னணியில் நிற்பவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியல் நூலை எழுதிய அப்பேரறிஞர், ஆடிகளில் ஒளிக்கதிர் தெறிக்கும் விதத்தைச் சோதனைகளால் ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்த ஒளியும் இன்று நாம் கையாளும் வானொலி அலையும் ஒரே இனத்தவை. ஆடிக்குச் சொன்ன விதி நிலத்துக்கும் பொருந்துகிறது.

கிடைமட்டமாகக் கட்டப்பட்ட கம்பியிலிருந்து வரும் அலை நிலத்தில் தெறிக்கும்போது தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. ஆகையால் நிலத்தை ஒட்டிய தாழ்ந்த சாய்வுகளில் நேர் அலையும் தெறி அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கம்பியை உயர்த்த உயர்த்த இந்த அழிவு குறையும்.

இதற்கோர் எடுத்துக்காட்டு. 14 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். சமதரையில் 10 மீட்டர் உயரத்தில், அதாவது மூன்று மாடி வீட்டின் உயரத்தில், கிடைமட்டக் கம்பி ஒன்றைக் கட்டினால், அது ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில்தான் மிக வலுவாக ஒலிபரப்பும். துபாய்க்கு வேண்டிய 5 பாகையில் அதன் வலிமை உச்ச வலிமையில் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதே கம்பியை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால், 5 பாகையில் வலிமை நான்கு மடங்காகப் பெருகும். கோபுரம் எழுப்புவதற்குப் பொருள் செலவழிப்போர் இதன் பொருட்டே செலவழிக்கின்றனர்.

ஆனால், கோபுரம் செய்யும் அவ்வேலையைச் சில இடங்களில் நிலமே செய்துவிடுகிறது.

சரிவு தரும் கொடை

முன்னால் உள்ள நிலம் சமதரையாக இல்லாமல், நாம் பேச விரும்பும் திசையை நோக்கி இறங்கிச் செல்வதாகக் கொள்வோம். கண்ணாடியைச் சாய்த்தால் அதில் தெறிக்கும் ஒளியும் சாய்வது போல, நிலம் எத்தனை பாகை சரிகின்றதோ அத்தனை பாகை அலையும் தாழ்ந்து செல்லும். 100 மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 18 மீட்டர் இறங்கும் நிலம் 10 பாகைச் சரிவு உடையது. அத்தகைய சரிவின் மேல் கட்டிய அதே 10 மீட்டர் உயரக் கம்பி, 5 பாகையில் சமதரைக் கம்பியைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு வலிமை காட்டும் என்று கணக்குச் சொல்கிறது. 100 வாட் ஒலிபரப்பி 700 வாட் ஒலிபரப்பியைப் போல் கேட்கும் என்பது இதன் பொருள். பேச்சை மட்டுமல்ல, கேட்பையும் நிலம் அதே அளவு கூர்மையாக்கும். சரிவு வீட்டு வாசலோடு நின்றுவிடாமல் இருநூறு முந்நூறு மீட்டராவது தொடர வேண்டும் என்பதே நிபந்தனை.

இங்கிலாந்தின் லெஸ் மாக்ஸன் என்னும் அமெச்சூர் வானொலி அறிஞர் இவ்வுண்மையை ஓயாது வலியுறுத்தி வந்தார். எல்லா இடங்களுக்கும் ஏற்ற சிற்றலை ஏரியல்களைப் பற்றி 1982இல் வெளிவந்த அவரது நூல், உயர்ந்த கோபுரம் கட்ட இயலாதோருக்குச் சரிவு நிலத்தின் அருமையை உணர்த்தியது.

இதன் மறுபக்கமும் உண்டு. பேச வேண்டிய திசையில் நிலம் மேலேறிச் சென்றால், அலையும் அதற்கேற்ப உயர்ந்துவிடும். 5 பாகை ஏற்றமுள்ள நிலத்தின் எதிரே 5 பாகை அலைக்கு வழியே இல்லை. ஆகவே, மலைச்சரிவில் வாழும் ஒருவருக்கு ஒரு திசை வரமாகவும் எதிர்த்திசை தடையாகவும் அமையும். ‘உயரமான இடம் நல்ல இடம்’ என்று பொதுப்படச் சொல்வது முழு உண்மை ஆகாது. எந்தத் திசைக்கு நல்லது என்றே கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தற்குரியது. 10 மீட்டர் உயரக் கம்பியிலிருந்து 5 பாகையில் செல்லும் அலை தெறிக்கும் இடத்தின் மையம் வீட்டிலிருந்து ஏறத்தாழ 115 மீட்டர் தள்ளி இருக்கிறது. 20 மீட்டர் உயரக் கம்பிக்கோ அது 230 மீட்டர் தொலைவு. அவ்விடத்தைச் சூழ்ந்த நெடிய நிலப்பரப்பு முழுவதும் தெறிப்பில் பங்கு கொள்கிறது. நம் பெயரில் பட்டா உள்ள மனைக்குள் நாம் என்ன செய்தாலும், தொலைதூரப் பேச்சின் பாதிப் பணி அடுத்தவர் காணியிலும் ஊர்ப் புறம்போக்கிலுமே நடைபெறுகிறது!

இரண்டு ஊர்கள், ஒரே துபாய்

இனி மலைக்கு வருவோம். ‘எங்களுக்கும் வளைகுடாவுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறதே, அது மறைக்காதா?’ என்று கடற்கரை ஊரார் கேட்கக்கூடும். மறைக்காது. காயல்பட்டினத்திலிருந்து அம்மலைத்தொடர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் பேருயர் முகடுகளுள் ஒன்றாகிய 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையே கூட, பூமியின் வளைவையும் கழித்துப் பார்த்தால், அங்கிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே தொடுவானத்துக்கு மேல் எழும்பி நிற்கும். 5 பாகையில் செல்லும் அலை அதற்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் சலாம் சொல்லிவிட்டுச் சென்றுவிடும்.

மலையின் அடிவாரத்தில் இருக்கும் கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களின் நிலை வேறு. ஊரிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில், ஊர்த் தரையைவிட 1,500 மீட்டர் உயர்ந்த முகடு ஒன்று துபாய்த் திசையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது தொடுவானத்துக்கு மேல் எட்டரைப் பாகை உயரும் மதில். 5 பாகை அலை நேரே போய் அதில் முட்டும். முகட்டின் விளிம்பில் அலை சற்று வளைந்து அப்பால் இறங்குவதுண்டு. ஆதலால் முற்றிலும் இருள் சூழ்ந்துவிடாது. எனினும் வலிமை வெகுவாகக் குன்றிவிடும்.

அப்படியானால் அடிவாரத்து ஊராருக்குத் துபாய் கிட்டாத கனியா? இல்லை. இரண்டு தாவல் வழி இருக்கிறதல்லவா? அதற்கு வேண்டிய 18 பாகை, மதிலுக்கு மேலே தாராளமாகக் கடந்து செல்லும். முதல் தாவல் முடிந்து அலை இறங்கும் இடம் அரபிக் கடலின் நடுப்பகுதி. உப்புநீர்ப் பரப்போ அலையைச் சேதமின்றித் தெறிக்கச் செய்வதில் இணையற்றது. மேலும், 10 மீட்டர் உயரத்தில் கட்டிய 14 மெகாஹெர்ட்ஸ் கம்பி 18 பாகையில் தன் உச்ச வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைக் காட்டும். ஆக, அடிவார ஊரார் பெரும் கோபுரம் எழுப்பினாலும் தாழ்ந்த சாய்வில் பயன் சொற்பமே. நடுத்தர உயரக் கம்பியே அவர்களுக்குப் போதும். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். உயர்ந்த சாய்வில் ஏறும் அலையை அயனி மண்டலம் எளிதில் வளைப்பதில்லை. அதிர்வெண் மிக உயர்ந்தால் அலை ஊடுருவி விண்ணில் போய்விடும். ஆகவே, கடற்கரை ஊரார் 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் பெறும் வாய்ப்பு சில வேளைகளில் அடிவாரத்தாருக்கு இராது. அவர்கள் 14 மெகாஹெர்ட்ஸையும் அதற்குக் கீழுள்ளவற்றையும் நம்புவதே நலம்.

மலை மறைக்கிறதா என்பதை மலையின் உயரம் தனித்து முடிவு செய்வதில்லை. அது எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. தொலைவிலுள்ள பெருமலையைவிட, வீட்டுக்கு எதிரேயுள்ள குன்று பெருந்தடை.

கடலும் உப்பளமும் தேரியும்

இதுவரை கிடைமட்டக் கம்பியைப் பற்றியே பேசினோம். அதற்கு நிலத்தின் வடிவம் முக்கியம். மண்ணின் தன்மை அவ்வளவாக முக்கியமன்று. தரையிலிருந்து நெட்டுக்குத்தாக நிறுத்தும் செங்குத்து ஏரியலின் கதை நேர்மாறானது. அதன் அலை நல்ல மின்கடத்தியின் மேல் தெறிக்கும்போது தாழ்ந்த சாய்வில் நேர் அலையோடு கைகோத்து எழும். மோசமான கடத்தியின் மேல் பட்டாலோ ஒரு பகுதி மண்ணில் சூடாகி மடியும். எஞ்சியது நேர் அலைக்கு மாறாக நின்று அதன் வலிமையையும் குலைக்கும்.

கடல்நீர், சாதாரண நிலத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. அலைகள் வந்து மோதும் ஓரத்தில் செங்குத்து ஏரியலை நிறுத்தினால், கடல் பரந்திருக்கும் திசையில், 5 பாகை போன்ற தாழ்ந்த சாய்வுகளில், உள்நாட்டு நிலத்தில் நிறுத்திய அதே ஏரியலைவிட எட்டு முதல் பத்து மடங்கு வரை வலிமை கூடக்கூடும். 1990களின் பிற்பகுதியில் ஜமைக்கா தீவின் கடற்கரையில் வெறும் செங்குத்து ஏரியல்களை நீரோரத்தில் நிறுத்தி உலகப் போட்டிகளில் கலந்துகொண்ட ஒரு குழுவினர், பெரும் கோபுரம் கட்டியோரையும் வியக்க வைத்தனர்.

நம் கிழக்குக் கரை ஊர்களுக்கு இதன் பொருள் என்ன? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கடல் இருப்பது கிழக்கிலும் தெற்கிலும். ஆகவே நீரோரச் செங்குத்து ஏரியல் மலேசியா, சிங்கப்பூர்த் திசைக்கு அருமையாகப் பயன்படும். வடமேற்கில் உள்ள வளைகுடாவுக்கு அச்சலுகை இல்லை. அத்திசையில் இருப்பது தரை. நீரிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி நிறுத்தினாலும் கொடையின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

தூத்துக்குடி வட்டாரத்து உப்பளங்கள் கடலுக்கு அடுத்த நிலை. உப்புநீர் ஊறிய மண் மின்சாரத்தை நன்கு கடத்தும். அங்கிருந்து சற்றே தெற்கில், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிகளோ கோடையில் ஈரமின்றி வறண்டு கிடப்பவை. அம்மணலில் செங்குத்து ஏரியல் நிறுத்துவோர், அடியில் நிறையச் செம்புக் கம்பிகளைச் சக்கரத்தின் ஆரங்களைப் போல் பரப்பினால்தான் ஓரளவேனும் இழப்பைக் குறைக்க முடியும். அப்போதும் தொலைவிலுள்ள மணலைத் திருத்த இயலாது. அத்தகையோருக்குக் கிடைமட்டக் கம்பியே தக்கது. ஒரே வட்டாரத்துக்குள் உப்பளத்தில் நல்லது தேரியில் ஆகாது என்பது எத்துணை வியப்பு!

பள்ளத்தாக்கிலும் வழியுண்டு

நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் வாழ்வோர் மனம் தளர வேண்டியதில்லை. தலைக்கு மேலே வானம் திறந்திருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அந்த அலைக்கான கம்பியை 10 மீட்டர் அல்லது அதற்கும் தாழ்வாகக் கட்டினால், அது பெரும்பாலும் நேர் மேலேயே ஒலிபரப்பும். தண்ணீர்க் குழாயை மேல்நோக்கிப் பீய்ச்சினால் சுற்றிலும் மழை பொழிவது போல, அந்த அலை சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எங்கும் இறங்கும். இடையில் எத்தனை மலை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மலையைத் தாண்டிச் செல்லாமல், மேலிருந்து அல்லவா இறங்குகிறது!

பேரிடர்க் காலத்தில் பெரிதும் பயன்படுவது இந்தத் தாழ்ந்த கம்பிதான். வெள்ளத்தில் அகப்பட்ட ஊர் முதலில் பேச வேண்டியது மாவட்டத் தலைநகரோடும் சென்னையோடும். காயல்பட்டினத்திலிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 550 கிலோமீட்டர். அதற்குக் கோபுரம் வேண்டியதில்லை. இரண்டு தென்னைமரங்களுக்கு இடையே 20 மீட்டர் நீளக் கம்பி ஒன்றைக் கட்டினால் பகற்பொழுதில் பெரும்பாலும் போதும்.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தமானில் நிகழ்ந்தவை இதற்குச் சான்று. பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில், தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அனுமதியோடு போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து உலக அன்பர்களோடு பேசி வந்தது. டிசம்பர் 26ஆம் நாள் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது, தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த நிலையம் அந்நொடியே உயிர்நாடியாக மாறியது. வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள தாயகத்துக்குச் செய்திகள் சென்றன. பெரும் அழிவுக்குள்ளான கார் நிக்கோபாருக்கும் குழுவினர் கருவிகளைக் கொண்டு சென்றனர்.

நிலநூல் கண்ணோடு இதைப் பாருங்கள். போர்ட் பிளேயரிலிருந்து கார் நிக்கோபார் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சென்னையோ ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். முன்னது, காயலுக்கும் கொழும்புக்கும் உள்ள தொலைவு. தலைக்கு மேல் செல்லும் அலை வேண்டும். பின்னது, அதைவிடத் தாழ்ந்த சாய்வில் செல்லும் அலைக்கு உரியது. ஒரே நிலையத்துக்கு இருவகைத் தேவை. உயர்ந்த கம்பி ஒன்று, தாழ்ந்த கம்பி ஒன்று என இரண்டையும் ஆயத்தமாக வைத்திருப்பவரே ஆபத்து நாளில் முழுமையாக உதவ இயலும்.

முன்னோர் கையில் இருந்த கருவி

தம் வீட்டைச் சுற்றியுள்ள தொடுவானம் எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்பதை அளப்பதே இக்கலையின் முதற் பாடம். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நம் முன்னோர்களாகிய மரக்கலத் தலைவர்களும் அரபு மாலுமிகளும் ‘கமால்’ என்னும் எளிய கருவியை வைத்திருந்தனர். ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவே முடிச்சுகள் இட்ட ஒரு நூல், அவ்வளவே. முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பை விண்மீனிலும் பொருத்தி, விண்மீனின் உயரத்தை அளந்து, தாம் இருக்கும் இடத்தை அறிந்தனர். ‘இஸ்பஃ’ எனப்படும் விரல் அளவே அவர்களது அலகு.

அதே முறையில் நாமும் அளக்கலாம். கையை முழுதும் நீட்டி, மூடிய முட்டியைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஒரு விரலின் அகலம் ஏறத்தாழ 2 பாகை. மாடியில் நின்று, துபாய்த் திசையிலுள்ள மலை முகடு தொடுவானத்துக்கு மேல் எத்தனை விரல் உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்கு உட்பட்டதாயின் கவலையில்லை. நான்கு விரல் ஆயின் இரண்டு தாவல் வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானியில் நூலும் சிறு கல்லும் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் துல்லியமாக அளக்கலாம்.

மேலும் நுட்பமாக அறிய விரும்புவோருக்குக் கணினி துணை செய்கிறது. அமெரிக்காவின் டீன் ஸ்ட்ரா என்னும் அமெச்சூர் வானொலி வல்லுநர் உருவாக்கிய ‘எச்.எஃப்.டி.ஏ.’ என்னும் நிரல், ஏரியலின் முன்னுள்ள நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் கொடுத்தால், கிடைமட்ட ஏரியல் எந்தச் சாய்வில் எத்துணை வலிமை பெறும் என்பதைக் கணித்துக் காட்டும். அதற்கு வேண்டிய நில உயரங்களைப் பெறுவதும் கடினமன்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் உலகின் பெரும்பகுதி நிலத்தை ரேடாரால் அளந்து தந்த விவரங்கள் யாவருக்கும் கிடைக்கின்றன.

எச்சரிக்கையும் வேண்டுகோளும்

இக்கலையில் இறங்கும் இளைஞர்கள் சிலவற்றை மறக்கலாகாது. உரிமம் இன்றி ஒலிபரப்புவது குற்றம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற பின்னரே பேச வேண்டும். வணிகப் பேச்சுக்கும், தொலைபேசிக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்கும் இது வழியன்று. ஆய்வுக்கும் நட்புக்கும் ஆபத்துதவிக்கும் உரியது. மின்வாரியக் கம்பிகளின் மேலோ அருகிலோ ஏரியல் கட்டுவது உயிருக்கே உலை வைக்கும். இடி மின்னல் நேரத்தில் ஏரியலைக் கருவியிலிருந்து பிரித்து, தரையிணைப்புச் செய்துவிட வேண்டும். உயரம் வேண்டுமென்று பள்ளிவாசல் மினாராவை நாடுவோர் ஜமாஅத்தாரின் ஒப்புதலோடு இடிதாங்கியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலே கண்ட கணக்குகளின்படி, பெரும்பாலான தேவைகளுக்கு மினாராவின் உயரம் வேண்டியதே இல்லை.

பிறர் வைத்திருக்கும் கோபுரத்தைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை. கடற்கரையானுக்குக் கடலையும், அடிவாரத்தானுக்கு மலையையும், பள்ளத்தாக்கினனுக்குத் திறந்த வானையும் வல்ல இறைவன் வழங்கியிருக்கிறான். எவருக்கு எது வாய்த்ததோ அதை அளந்தறிந்து, அதற்கேற்பக் கம்பி கட்டுவதே அறிவுடைமை. கம்பியை நாம் வாங்கலாம். அதன் மறுபாதியாகிய நிலத்தை வாங்க முடியாது, அறிந்துகொள்ளத்தான் முடியும்.

நம் ஒவ்வோர் ஊரிலும் உரிமம் பெற்ற இரண்டு இளைஞர்களேனும், ஒரு சிறு ஒலிபரப்பியோடும் மின்கலத்தோடும், தம் ஊர் நிலத்துக்கு ஏற்ற கம்பியோடும் ஆயத்தமாக இருப்பார்களாயின், அடுத்த பெருமழை நாளில் எந்தத் தாயின் நலச் செய்தியும் வழியில் தங்கிவிடாது. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் இதில் ஈடுபடலாம். அந்தமானில் அந்த நிலையத்தை நடத்தியவர் ஒரு பெண்மணி என்பதை நினைவிற் கொள்வோம். பெற்றோரும் ஆசிரியப் பெருமக்களும் ஊக்குவித்தால், இன்ஷா அல்லாஹ், மரக்கலம் செலுத்திய மரபில் வந்த இத்தலைமுறை வானலையையும் திறம்படச் செலுத்தும்.